‘லிட்டில்’ பற்றி ஒரு குறிப்பு

மார்ச் 3, திங்கள்

அகராதிக்கு நான் எழுதிய ‘ஸ்மால்’, ‘லிட்டில்’ குறிப்புகள் இரண்டும் திருத்தத்தோடு திரும்பி வந்திருக்கின்றன. இரண்டுக்கும் பொருள் சின்னது என்பதுதான். எங்கே எதைப் போடுவது என்று ஆங்கிலம் கற்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இருபது வருடமாக என் பிழைப்பே அதுதான். நான் எழுதியிருந்தேன்: ‘ஸ்மால்’ வெறும் அளவு. ‘லிட்டில்’ சொல்கிறவரின் மனசையும் சேர்த்துக் காட்டும். அதில் கொஞ்சலும் உண்டு, இளக்காரமும் உண்டு.

இளக்காரத்தைக் கால்வின் அடித்துவிட்டான். இணையத்திலிருந்து கணினியில் புதிதாகச் சேர்த்த வாக்கியக் கிடங்கில் ‘லிட்டில்’ வரும் இடமெல்லாம் ‘அழகான’, ‘அருமையான’ என்றுதான் பக்கத்தில் நிற்கிறதாம். ஆகவே பாராட்டுச் சொல்லாம். ஓரத்தில் சிவப்பில் ‘சான்று எங்கே?’ என்று ஒரு கேள்வி வேறு.

என்னிடம் கேட்கிறான். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அகராதிக்குத் தலைமைப் பதிப்பாசிரியராம்.

மார்ச் 7, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம்: கூட்டத்தில் சான்று காட்டாமல் ‘எனக்குத் தோணுது’ என்று எவர் வாயைத் திறந்தாலும் அடுத்த வெள்ளி எல்லாருக்கும் கேக் செய்து வர வேண்டும். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. இன்று வாய் தவறிவிட்டது — “அதுல இளக்காரமும் இருக்குன்னு எனக்குத் தோணுது.”

எதிர் மேஜை ஓவன் கையைத் தட்டினான். “அடடா, ப்ரூவே விழுந்துட்டா! எனக்கு எலுமிச்சை கேக்.” எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கால்வின் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். குறிப்பு அவன் திருத்தியபடியே நிற்கிறது. மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. இனிமேல் குறிப்புகளைக் கணினியே எழுதினால் என்ன என்றும் போகிற போக்கில் கேட்டு வைத்தான். கேட்ட மாதிரி இல்லை, முடிவு செய்த மாதிரி இருந்தது.

மார்ச் 12, புதன்

மாடி அறையில் குடியிருக்கும் ராட்கா இன்று அழுதாள். பல்கேரியாக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய வார்டு தலைமை நர்ஸ் ஓய்வு பெறுகிறாள். விருந்தில் அந்த அம்மாள் பேசியதைப் புகழ்ந்து வாழ்த்து அட்டையில் இவள் எழுதியிருக்கிறாள், ‘உங்கள் லிட்டில் ஸ்பீச் எங்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது’ என்று. அந்த அம்மாள் வாசித்துவிட்டு, “என்னோட லிட்டில் ஸ்பீச்சா? ரொம்ப சந்தோஷம்” என்று அட்டையை மூடி வைத்தாளாம். அதற்கப்புறம் வார்டில் ஒருத்தரும் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“நான் என்ன தப்பா எழுதிட்டேன், ப்ரூ? பாராட்டுன்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்கே.”

எங்கள் வெள்ளோட்டப் பதிப்பு. அவள் போனில் ஏற்றிக் கொடுத்தவளே நான்தான்.

மார்ச் 13, வியாழன்

கேக் அடிப்பிடித்துவிட்டது. எனக்கு வேண்டியதுதான்.

மார்ச் 18, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

கால்வின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவன். நாங்கள் பழகியது வேறு — சொல்லை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் வருகிற வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். கண் வலிக்க வலிக்க வாசித்தேன். பாராட்டாக வருவதெல்லாம் ஒரே விளம்பரம். கடற்கரையில் விடுமுறை வீடு வாடகைக்கு விடுகிற எவனோ, ‘அழகான லிட்டில் வீடு, அருமையான லிட்டில் தோட்டம்’ என்று எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான பக்கங்களில் போட்டிருக்கிறான். ஒருவன் சொன்னதை நாடே சொன்னதாகக் கணினி எண்ணியிருக்கிறது. அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டுப் பார்த்தேன். ‘அசட்டு லிட்டில் மனுஷன்’, ‘உன் லிட்டில் யோசனை’ என்று இளக்காரம் வரிசை கட்டி வருகிறது.

இப்போது சொல்லட்டும், சான்று எங்கே என்று.

மார்ச் 20, வியாழன்

காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்தான்.

“நீங்க சொல்றது சரிதான், ப்ரூ. ஆனா புத்தகம் சொன்ன தேதிக்கு முன்னாடியே அச்சுக்குப் போயிடுச்சு. ஒரு குறிப்புக்காக நிறுத்த முடியாது. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.”

அடுத்த பதிப்பில் நான் இல்லை. அதையும் அதே மூச்சில் சொன்னான். மாதக் கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. குறிப்புகளைக் கணினி எழுதுமாம். அந்தக் கிடங்கை வைத்துக்கொண்டு! சரியாகச் சொன்னதற்கு இதுதான் கூலியா? படுபாவி, குரலைக்கூட உயர்த்தவில்லை.

ஓவன் டீ கொண்டுவந்து வைத்தான். அவனிடமும் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

வழியனுப்பு விழா. கடையில் வாங்கிய கேக், பூங்கொத்து, எல்லாரும் கையெழுத்துப் போட்ட அட்டை. கால்வின் முகமெல்லாம் மலரப் பேசினான். கடைசியில் என் பக்கம் திரும்பி, “ப்ரூவோட அந்த லிட்டில் குறிப்புகளை நாங்க மறக்கவே மாட்டோம்” என்றான். கைதட்டினார்கள். ஓவன் மட்டும் தட்டவில்லை, கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

வீட்டில் ராட்கா சூப்பு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் பேசியதை அப்படியே சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“தெரிஞ்சு சொன்னானா, தெரியாம சொன்னானா? உங்களுக்கு என்ன தோணுது?”

எனக்குத் தோன்றுவதைச் சொன்னால் கேக் செய்ய வேண்டும் என்றேன். எங்கள் புத்தகத்தின்படி அது பாராட்டு.