மெயினை இறக்கிய இரண்டு நிமிடம்

1972 டிசம்பர் 7, வியாழன், காலை பத்து மணி இருபது நிமிடம். கவரைப்பேட்டைப் பட்டறையில் ஐந்து கடைசல் லேத்தும் நின்றன. நிறுத்தியவன் நான். மன்னிப்பு எழுதச் சொல்லி முதலாளி நீட்டிய தாளில்தான் உனக்கு எழுதுகிறேன். சட்டையில் குத்திய கொடிநாள் காகிதக் கொடியில் பசை வாசனை இன்னும் போகவில்லை.

போன டிசம்பரில் கிழக்கு எல்லைச் சண்டையில் நீ செத்தாய். வீர மரணம் என்றது தந்தி. அந்தச் சொல் எனக்கு வேண்டாம். பழவேற்காட்டில் உன் அம்மாவிடம் வந்து சேர்ந்தது ஒரு டிரங்குப் பெட்டி மட்டும்.

பட்டாளத்துக்குப் போகுமுன் என் பக்கத்து லேத்தில் நின்றவன் நீ. இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்கில் என் சட்டைக் கை சிக்கிய அன்று, ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாய். கடைந்துகொண்டிருந்த இரும்பு ஜாப் கெட்டதென்று முதலாளி குதித்தார்.

"ஜாபு வேற கடஞ்சிக்கலாம் மொதலாளி. இவனுக்குக் கை வேற கடஞ்சி குடுப்பீங்களா?" என்று கேட்டாய்.

லீவில் ஒரு கொடிநாளன்று வந்து, பட்டறை வாசலில் நின்று கத்தினாய்: "இன்னாடா டிப்ளமா, இன்னும் எண்ணெயிலயே முங்கிக்கினு கீறியா?" டிப்ளமா படித்த எனக்கு நீ வைத்த பேர் அது. என் சட்டைக் கொடியைப் பார்த்ததும் சிரித்தாய். "சொதந்திரம் வந்து ரெண்டு வருசத்துல ஆரம்பிச்சாங்கடா இத்த. பட்டாளத்துல செத்தவன் ஊட்டுக்கும் கை கால் போனவனுக்கும் ஒதவறதுக்கு. நீ இன்னாடான்னா பூ மாதிரி சொருவிக்கினு நிக்கிறே!"

இன்று முதலாளி எல்லோருக்கும் கொடி குத்திவிட்டு, "போங்கப்பா, மிசினப் போடுங்க" என்றார். சற்றுப் பொறுத்து அவரிடம் போனேன். இங்கே வேலை செய்தவன் செத்திருக்கிறான், இரண்டு நிமிடம் நிறுத்துங்கள் என்றேன்.

"அதான் கொடி குத்தியாச்சில்ல? இன்னும் இன்னாய்யா பேஜாரு?"

போய் மெயினை இறக்கினேன். பெல்ட் சத்தம் அடங்கியது. எதற்கும் கேலி பேசுகிற மேஸ்திரிகூட பீடியைக் கீழே போட்டார். ஆனால் வெட்டு நடுவில் நின்றதால், வெட்டும் டூல் அழுந்தி ஐந்து ஜாபிலும் வளையத் தழும்பு விழுந்துவிட்டது.

"எழுதிக் குடு, இல்லன்னா கெளம்பு" என்கிறார் முதலாளி.

இனி நான் செய்யப்போவது:

1. மன்னிப்புக் கேட்க மாட்டேன். வேலை போனால் போகட்டும்.
2. டூலைப் பின்னுக்கு இழுக்காமல் நிறுத்தியது தப்பு. போகச் சொன்னாலும், ஐந்து ஜாபையும் இன்று சாப்பாட்டு நேரத்தில் நானே கடைந்து சரிசெய்வேன்.
3. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய் உன் அம்மாவிடம் சொல்வேன்: உங்கள் பிள்ளைக்காகப் பட்டறை நின்றது.
4. அடுத்த டிசம்பர் 7, எந்தப் பட்டறையில் இருந்தாலும், முதலில் டூலை இழுக்கச் சொல்வேன். பிறகு மெயினை இறக்குவேன். யாரையும் கேட்க மாட்டேன்.