அண்ணையின் காருக்கு அடியில் நாங்கள் பூசிய பச்சை

என் அருமை அண்ணை,

உங்கள் காருக்குப் பதிவு கிடைத்துவிட்டது. முதலில் அதைத்தான் கேட்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலக்கத் தகடுகளை உங்கள் மகள் மயூரி தன் கையாலேயே பூட்டினாள். ஆனால் பதிவு கிடைத்த விதத்தையும் நான் உங்களுக்குச் சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

நான் எழுதுகிற பத்திரிகையில் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பொறுங்கள். அண்ணை, எங்கள் ஆக்களின் கடைகள் இருக்கிற ரூ காய் தெருவில் ஒரு மரக்கறிக் கடையின் வான் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பியர்ஃபித் புறநகரில் வாடகைக்கு எடுத்த கராஜுக்குள் கார் கட்டினார். பிரெஞ்சுக்காரர் செல்லமாக டெ ஷெவோ என்று சொல்லும் பழைய கார்கள் இரண்டை வாங்கினார். ஒன்றிலிருந்து அடிச்சட்டமும் எஞ்சினும், மற்றதிலிருந்து பிரேக்குகளும் எடுத்தார். துரு தின்ற இடங்களை வெட்டிவிட்டுப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்தார். அதன்மேல், பெட்டிகளில் வந்திறங்கிய கண்ணாடியிழை உடலைப் பொருத்தினார். கிட் கார் என்பார்கள். எல்லாம் முடிந்து, அரசாங்கப் பரிசோதனைக்கு நாள் கேட்டிருந்த வேளையில் அவருடைய இதயம் நின்றுவிட்டது.

கராஜ்காரர் இடத்தைத் திரும்பக் கேட்டார். அண்ணி என்னைக் கூப்பிட்டார். “ஓடாத காரை வச்சு நான் என்ன செய்யிறது தம்பி? பேப்பர் கிடைச்சா மயூரி ஓடட்டும். இல்லாட்டி இரும்புக்காரனுக்குக் குடுத்திடுவம்.”

எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, எங்கெங்கே வெல்டிங் செய்தது என்றெல்லாம் நீங்கள் எழுதிக் கையெழுத்திட்ட கோப்பு தயாராக இருந்தது. காரைக் கொண்டுபோய்க் காட்டுவது மட்டும்தான் பாக்கி.

எங்கள் ஆக்களை உங்களுக்குத் தெரியும். விருந்தினர் வருகிறார் என்றால் கதிரைக்குப் புதுத் துணி போடுவோம். வெள்ளைக்காரர் வருகிறார் என்றால் சுவருக்கே நிறம் அடிப்போம். அண்ணி குனிந்து காரின் அடியைப் பார்த்துவிட்டு, “இதென்ன, எல்லா இடமும் தையல் போட்ட மாதிரிக் கிடக்கு? இப்பிடியே கொண்டு போனா அந்த மனுசனைப் பற்றி என்ன நினைப்பினம்?” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மேடும் பள்ளமுமாக இருந்த உங்கள் வெல்டிங்கைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அண்ணை.

கடைப் பலகைகளுக்கு நிறம் அடிக்கிற நேசனை நான்தான் கூட்டிவந்தேன்.

“அண்ணை, மேல மட்டும் அடிக்கவோ, கீழயும் அடிக்கவோ?” என்று அவன் என்னைக் கேட்டான்.

“கீழயும் அடி. படுத்துக் கிடந்து பாப்பினமாம்.”

“அப்ப கலியாணப் பொம்பிளை மாதிரிச் சோடிச்சு விடுறன். மாமியார் குனிஞ்சு பாத்தாலும் குறை சொல்லேலாது.”

சிரித்தோம். விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த மயூரி மட்டும், “சித்தப்பா, இது வேணுமோ? அப்பா ஒண்டும் பூசேல்லையே” என்றாள். “மரியாதையாப் போகவேணும் பிள்ளை” என்றேன். நேசன் பள்ளங்களைப் பட்டி வைத்து நிரவி, பச்சை பெயின்ற் பூசினான். அடிச்சட்டத்து இரும்பில் அடித்திருந்த இலக்கமும் அந்தப் பட்டிக்குள் போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மயூரியும் நானும் காரைக் கொண்டுபோனோம். பரிசோதகர் ஒரு பெண். விளக்கோடு காருக்கு அடியில் போய் வெளியே வந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

“அடிச்சட்டத்தின் இலக்கம் எங்கே? வெல்டிங் செய்த இடங்கள் எங்கே? இதையெல்லாம் மறைத்தது யார்?”

ஒரே சொல்லில் பதில் இருந்தது: நான். ஆனால் நான் சொன்னது, “என் அண்ணன், மதாம். அவர் இப்போது உயிரோடு இல்லை.”

ஏன் அப்படிச் சொன்னேன்? ஓர் அந்நியப் பெண்ணுக்கு முன்னால் மடையனாக நிற்க மனமில்லாமலா? நீங்கள் மறுக்கமாட்டீர்கள் என்ற துணிவிலா? எத்தனை அலுவலகங்களில், “இதற்கு யார் பொறுப்பு?” என்று நான் கேட்டிருக்கிறேன். செத்துப்போனவரின் பெயரைச் சொல்லித் தப்பியவர்களை எத்தனை தடவை என் செய்தியில் நிறுத்திக் காட்டியிருக்கிறேன்.

பரிசோதகர் கோப்பை மூடினார். குரலை உயர்த்தவில்லை. “கட்டியவரே இலக்கத்தை மறைத்திருந்தால், அவர் எழுதிய மற்றவற்றை நான் எப்படி நம்புவது? இது களவெடுத்த அடிச்சட்டமாகக்கூட இருக்கலாம்.”

இருபது வருடம் அடுத்தவன் கடைக்கு வான் ஓட்டி, ஒரு தக்காளிப் பெட்டிக்கும் கணக்குத் தவறாத உங்களை, அண்ணை, ஒரு வசனத்தில் நான் கள்ளனாக்கினேன்.

“நோன், மதாம். அப்படி இல்லை.” மயூரி என்னைத் தாண்டி முன்னே போனாள். குனிந்து, அடிச்சட்டத்தில் பெருவிரல் நகத்தை அழுத்தி, நகத்துக்குள் வந்த பச்சையை நீட்டிக் காட்டினாள். “பாருங்கள், இன்னும் சரியாகக் காயவே இல்லை. அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பூசியது நாங்கள். அழகாக இருக்கட்டும் என்று பூசினோம்.”

பரிசோதகர் அவளுடைய நகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். எனக்கு இரும்பைப் பார்க்கவேண்டும்” என்று அவளிடம் சொன்னார்.

காரை ஏற்றிய இழுவை வண்டியில் திரும்பினோம். என்னோடு பெரும்பாலும் பிரெஞ்சில் கதைக்கிற மயூரி, தமிழில் கேட்டாள்.

“ஏன் சித்தப்பா பழியை அப்பாவில போட்டனீங்கள்?”

“வாயில வந்திட்டுது பிள்ளை.”

“பேப்பரில ஒரு சொல் போட நாலு பேரிட்டக் கேக்கிற ஆள் நீங்கள். உங்கட வாயில சும்மா ஒண்டும் வராது.” பிறகு, “அம்மாட்ட நான் சொல்லமாட்டன். அது உங்கட வேலை” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். நேசனும் வந்தான். “அடிக்கக் கூப்பிடுற ஆக்களைக் கண்டிருக்கிறன். அடிச்சதைச் சுரண்டக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை.” நான் சிரிக்கவில்லை. அவனும் சுரண்டினான்.

பச்சை கழலக் கழல உங்கள் வேலை வெளியே வந்தது. பின்பக்கத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அங்கே கை நடுங்கியது தெரிகிறது. முன்னே வர வர வரி நேராகிறது. ஓரிடத்தில் சரிவராததை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்திருக்கிறீர்கள். ஒரு மனிதர் ஞாயிறு ஞாயிறாகப் பழகிக்கொண்டது அங்கே அப்படியே இருந்தது. அதைத்தான் நாங்கள் பட்டி வைத்து மூடினோம். இலக்கமும் பழுதில்லாமல் வந்தது.

இரண்டாம் முறை அந்தப் பெண் கோப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். நீங்கள் எழுதியதும் இரும்பும் ஒத்துப்போயின. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

பிறகு கார்த் கிரீஸ், அதுதான் பதிவுப் பத்திரம், வந்தது. எங்கள் ஆக்கள் கூடுகிற லா சப்பலில் செய்தி பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? தேத்தண்ணிக் கடையில் ஒருவர் என் கையைப் பிடித்து, “அண்ணையின்ர காருக்குப் பேப்பர் எடுத்தது நீங்களாமே? எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆள் வீட்டில இருக்கவேணும்” என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அண்ணி புட்டும் நண்டுக் கறியும் கட்டித் தந்து, கண் கலங்கி, “அந்த மனுசன்ர பேரைக் காப்பாத்திப் போட்டியள், தம்பி” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். பார்சலை வாங்கிக்கொண்டு வந்தேன். ரயிலில் மடியில் அது சுட்டுக்கொண்டே இருந்தது.

அண்ணி நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். கடையில் அரிசி வாங்குகிற இடத்தில் பத்திரிகையை விரித்து, இந்தக் கடிதத்திலிருந்து அவர் இதைத் தெரிந்துகொள்ளக்கூடாது. இன்று பின்னேரம் பியர்ஃபித்துக்குப் போகிறேன். பூசச் சொன்னதும் நான், அதை உங்கள் தலையில் போட்டதும் நான், உங்கள் பெயரைக் காப்பாற்றியது மயூரி என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். சொல்லிவிட்டேன் என்று நான் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் இந்தப் பக்கம் அச்சுக்குப் போகவேண்டும் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணை, இந்த வாக்கை மட்டும் நான் மீறமாட்டேன்.

தலை குனிந்து,
உங்கள் கூடப்பிறந்த தம்பி