சலவை அறை அண்ணன்

என்னங்க,

தலைகால் புரியாத சந்தோஷத்தில் எழுதுகிறேன். எனக்கு ஒரு அண்ணன் கிடைத்திருக்கிறார்! பேய்தான். ஆனால் தங்கமான பேய்.

இந்தத் தூர தேசத்தில் நான் வேலை பார்க்கும் ஓட்டலின் சலவை அறைக்குள் யாரும் தனியாகப் போகமாட்டார்கள். அன்றைக்கு நான் போனேன். ஒரு படுக்கை விரிப்பு, உள்ளே ஆளே இல்லாமல், எழுந்து நின்றது. எனக்கோ தலைக்கு மேல் வேலை. "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தள்ளி நின்றது! இப்போதெல்லாம் விரிப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்து மடிக்கிறார்.

இந்த ஊரில் அவரைப் பார்த்து அலறியவர்கள்தான் அதிகம். உறவு சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லையாம். "அண்ணன்னா என்ன செய்யணும்?" என்று நேற்று அவருடைய பாஷையில் கேட்டார்.

"தங்கச்சிக்கு ஒண்ணுன்னா, நேரா மச்சான் வீட்டுக்குப் போய் நியாயம் கேக்கணும்" என்றேன்.

உடனே கிளம்பிவிட்டார்!

நீங்கள் தனியாக இருக்கும் வீட்டில், போன வாரம் போனில் கேட்ட கொலுசுச் சத்தத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டேனா? "உனக்காகக் கேக்க யாரு இருக்கா?" என்று நீங்கள்தான் அடிக்கடி சொல்வீர்கள்.

அவருக்கு டிக்கெட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருப்பார். நம் கட்டிலில் விரிப்பு தானாக எழுந்து நின்றால் இரண்டு பேரும் அலறாதீர்கள். "வாங்க மச்சான், உக்காருங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய தங்கச்சி