சோடியாக வந்த மெமரித் தகடுகள்

இன்று கிளிநொச்சியில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் வேலை செய்யாத பழைய கணினி ஒன்றைத் திறந்தேன். தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. வவுனியாவில் சிநேகிதிகள் நாம் இருவரும் நடத்திய தட்டச்சுக் கடைக்கு, உன் பக்கத்துக் கதிரைக்கு, போய்விட்டேன். நீ கண்மூடி ஒரு வருடமாகப் போகிறது.

இரண்டாயிரமாம் ஆண்டுவாக்கில், பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களை அடித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தோம். வட்டம், முக்கோணம் என்று கேத்திரகணிதப் படம் ஒன்றைச் சேர்த்தால் போதும், எங்கள் கணினி அப்படியே நின்றுவிடும். மெமரி போதாது. "இன்னொருக்கா நிண்டால் வேலையைக் கொழும்புக்கு அனுப்பிப்போடுவன்" என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

அந்தப் பழைய வகை மெமரித் தகடு வவுனியாவில் இல்லை. சண்டைக்காலம்; கொழும்புக்குப் போக இராணுவத்திடம் பாஸ் எடுப்பது பெரும்பாடு. மாறி வாங்கினால் திரும்பப் போக முடியாது. அதனால் கணினியில் இருந்த இரண்டு தகடுகளில் ஒன்றை மாதிரிக்கென்று கழற்றிக் கைப்பையில் போட்டாய்.

"சோதனைச் சாவடியில இதென்னெண்டு கேட்டால்?"

"ஒளிச்சால்தான் கரைச்சல். நானே எடுத்து மேசையில வைக்கிறன்."

உன் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை நம்பித்தான் கடையையும் தொடங்கியிருந்தேன்.

நீ கொழும்புக்குப் போனபின், மிஞ்சிய தகட்டோடு கணினியை இயக்கினேன். திரை இருண்டே கிடந்தது. எல்லாம் போய்விட்டதென்று அழுதேன். பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான், தகடு செருகும் இடங்கள் இரண்டிரண்டாகக் குறிக்கப்பட்டிருந்தது கண்ணில் பட்டது. தொலைபேசிக் கடைக்கு ஓடி, நீ தகடு வாங்கப் போன கொழும்புக் கடைக்கு எடுத்தேன்.

"ஒண்டு மட்டும் வாங்கிப்போடாத. ஒரே மாதிரி ரெண்டு வேணும். நீ ஒண்டைக் கழட்டினதோட மெசின் எழும்புதில்லை."

"கடைக்காரன் பெரிசு ஒண்டு போதுமெண்டு நிக்கிறான்" என்று சிரித்தாய். "நல்லகாலம், நான் கழட்டிக்கொண்டு வந்தது."

நீ திரும்பி வந்து தகடுகளைச் செருகினாய். திரையில் மெமரிக் கணக்கு ஏறியது. பழைய எல்லையைத் தாண்டியும் ஏறியது. சாவடியில் எவ்வளவு நேரம் மறித்து வைத்திருந்தார்கள் என்று கேட்டேன்.

"முதல்ல கேத்திரகணிதப் படத்தைப் போடு" என்றாய். அதற்குமேல் அதைப்பற்றி நீ கதைக்கவே இல்லை. வினாத்தாள்கள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன.

இன்று பிள்ளைகள் "இதைத் தூக்கி எறியுங்கோ மிஸ்" என்றார்கள். நான் விடவில்லை. மூலையில் கிடந்த கணினிகளைக் கிளறி, பொருந்தும் சோடியைப் பிடித்துப் போட்டேன். ஒருவர் மூடியை அழுத்த மற்றவர் திருகாணி இறுக்குவது நம் வழக்கம். உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

நீ இல்லை. முழங்காலால் மூடியை அழுத்திக்கொண்டு நானே இறுக்கினேன். மெசின் எழும்பிட்டுதடி.