பாதியில் நின்ற ஊசி

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது?

பண்ணையில் ஒட்டகங்களுக்கு நுரையீரலில் கிருமி. நாங்கள் நெட்டச்சி என்று கூப்பிடும் ஒட்டகம் இரண்டாம் ஊசியிலேயே தீனி தின்றது. "அதான் தேறிட்டாளே, மருந்தை ஏன் வீணாக்கணும்?" என்று முதலாளி நிறுத்திவிட்டார். காய்ச்சல் திரும்பியது. "பாதியில விட்டா கிருமி சும்மா இருக்குமாய்யா?" என்று கால்நடை டாக்டர் கத்தினார். அப்புறம் போட்ட ஊசி எதுவும் கேட்கவில்லை. நேற்று புதைத்தோம்.

எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். இருமல் நின்றதும் நீங்கள் மாத்திரையை விட்டுவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள். உடனே டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி முடித்துவிடுங்கள் அப்பா. இந்த வெளிநாட்டிலிருந்து நினைத்தவுடன் ஓடிவர என்னால் முடியாது. மாத்திரை தீர்ந்ததும் காலி அட்டையைப் படம் எடுத்து அனுப்பத் தங்கச்சியிடம் சொல்லுங்கள். படத்தில் நீங்களும் இருங்கள்.

தீவன வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்