மல்லாந்து கிடந்து ஜெயித்தது

12.8.92, புதன்
காலையில் தூறல். துணி காயவில்லை. ஃபேக்டரியில் நாள் முழுக்க யூனிஃபார்ம் தைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் ஜூடோ சட்டைக் காலருக்கு இன்னும் மூன்று வரிசைத் தையல். போன வாரம் பிய்ந்தது.

சாயங்காலம் கிளப் ஹால். தேங்காய் நார் மெத்தை, மேலே தார்ப்பாய், இன்னும் ஈரம். கூடப் பயிற்சி செய்யும் ஸ்டெல்லா என்னை ஏழு முறை தூக்கிப் போட்டாள். அவள் எழுபது கிலோ, நான் நாற்பத்தெட்டு. மாஸ்டர் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: முப்பத்திரண்டு வயதில் இதற்குமேல் வேகம் வராது, அடுத்த வார ஞாயிறு பாடி ஊர் ஹாலில் நடக்கும் போட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் வலித்தது.

எட்டாவது முறை விழுந்தபோது எழுந்திருக்க மனமில்லை. அமுக்க வந்த ஸ்டெல்லாவின் இடுப்பை இரண்டு காலாலும் சுற்றிப் பூட்டிக்கொண்டேன். என் மேல் படுக்கவும் முடியாமல், எழவும் முடியாமல் முழங்காலில் நின்று தவித்தாள்.

"இன்னாடி இது, கால எடு."

எடுக்கவில்லை.

14.8, வெள்ளி
வெயில். குழந்தைக்குச் சளி. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

ஸ்டெல்லாவோடு மறுபடி. தெரிந்துகொண்டவை:
– பூட்டிவிட்டுச் சும்மா கிடந்தால் வீண். நடுவர் நிறுத்தி எழுப்பிவிடுவார்.
– மேலே இருப்பவள் நிமிர்ந்தால் பலம் அவளுக்கு. காலரைப் பிடித்து இழுத்துக் குனிய வைக்கணும்.
– முதுகு முழுசாகத் தரையில் ஒட்டக்கூடாது. இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்தினால்தான் காலுக்கு வேலை.

இன்று இரண்டு முறை ஸ்டெல்லாவைப் புரட்டினேன். எழுபது கிலோ! வீட்டுக்கு வந்து ஐந்து தோசை.

18.8, செவ்வாய்
ஜன்னலில் நின்று யாரோ பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஷிஃப்டில் என் வீட்டுக்காரர் காதுக்கு வந்துவிட்டது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வேற மாதிரி போடக் கூடாதா? பொம்பள மல்லாந்து படுத்துக்கிட்டு..."

கனமானவளை என்னால் கட்டுப்படுத்த முடிகிற ஒரே இடம் அதுதான் என்றேன். எனக்கு வந்தது வெட்கமா, கோபமா தெரியவில்லை. விடப் போவதில்லை.

23.8, ஞாயிறு
ஜெயித்தேன். முதலில் அதை எழுதிவிட்டேன்.

பாடி ஹாலில் புழுக்கம். எதிரே அம்பத்தூர் நீலா. என் எடைதான், ஆனால் உயரம், இருபது வயது. இதற்குமுன் இரண்டு தடவை ஒரு நிமிடத்துக்குள் என்னைத் தூக்கிப் போட்டு முடித்தவள். இன்றும் தூக்கினாள். காற்றிலேயே உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் விழுந்தேன். முழு முதுகும் படாததால் அவளுக்குக் கொஞ்சம் புள்ளிதான், ஆட்டம் முடியவில்லை. அமுக்க வந்தாள். பூட்டினேன். பின்னாலிருந்து யாரோ, "அவ்ளோதான், முடிஞ்சிது," என்றது கேட்டது.

காலரை இழுத்தேன். குனிய மாட்டேன் என்று என் நெஞ்சில் வலது கையை ஊன்றித் தள்ளினாள். கை நீண்டுவிட்டது. அதைத்தான் ஸ்டெல்லாவிடம் நூறு தடவை பார்த்திருக்கிறேன். சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் இடுப்பில் பாதத்தை உதைத்துத் திரும்பி, மற்ற காலை அவள் முகத்துக்குக் குறுக்கே போட்டு இடுப்பைத் தூக்கினேன். அவள் முழங்கை விறைத்தது. என் தொடையில் இரண்டு தட்டு. விட்டுக்கொடுத்துவிட்டாள்.

எனக்கு எழத் தோன்றவில்லை. மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மாஸ்டர்தான் பாய் ஓரத்துக்கு வந்து, "எந்திரிம்மா, உன் கையத் தூக்கணும்," என்றார்.

பஸ்ஸில் ஸ்டெல்லா கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டாள். வீட்டில் இவர் பதக்கத்தைக் கையில் வாங்கி, நீலா எத்தனை கிலோ, எந்தக் கை என்று மூன்று தடவை கேட்டார்.

24.8, திங்கள்
உடம்பெல்லாம் வலி. லீவு போட்டேன். இவர் வேலைக்குப் போனதும் பின் பிளாக் சாந்தா அக்கா வந்தார். மூன்று வருஷமாகக் குழாயடியில் பார்க்கிறேன், அதிகம் பேசியதில்லை. வாழ்த்துச் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. புடவைத் தலைப்பால் மணிக்கட்டை மூடியிருந்தார்.

"கீழ தள்ளுனப்புறமும் ஏதோ பண்ணலாமாமே. எனக்குச் சொல்லித் தர்றியா?"

யார் தள்ளுவது என்று நான் கேட்கவில்லை. கதவைச் சாத்திப் பாயை விரித்தேன்.

"படுங்கக்கா. முதல்ல முழங்கால மடக்குங்க."

மடக்கினார்.