நீல மூடி

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளைக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் சலவை ஆலையில் செவ்வாயன்று விபத்து. வெளுப்பு மருந்துத் தொட்டியில் உன் வீட்டுக்காரர் அமிலத்தை ஊற்றிவிட்டார். மஞ்சளாகப் புகை கிளம்பியது. இஸ்திரிப் பகுதிப் பெண்கள் இருவர் மூச்சுத் திணறி விழுந்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள்.

நீல மூடி என்றால் வெளுப்பு மருந்து, சிவப்பு மூடி என்றால் அமிலம். இத்தனை வருடமும் அப்படித்தான். இம்முறை அமில டப்பாவும் நீல மூடியோடு வந்திருக்கிறது. ஆனால் டப்பாவில் கொட்டை எழுத்தில் 'அமிலம்' என்று இருந்ததே!

மேலாளர், "கண்ணு தெரியலையா, இல்ல திமிரா?" என்று கத்தினார். இவரோ, "திமிருதான் சார்" என்றார். நான் திகைத்துப்போனேன். தனியே அழைத்து, டப்பாவைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். அவருக்கு ஏது கண்ணாடி?

பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். "எட்டாவது வரைக்கும் தள்ளிவிட்டாங்கக்கா. கடைசி பெஞ்சு. யாரும் எதுவும் கேக்கல. கையெழுத்து மட்டும் போடுவேன். அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

ஞாயிறுதோறும் நம் வீட்டில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்காருவாரே! அப்பா வாய் நிறைய 'படிப்பாளி மாப்பிள்ளை' என்பாரே! எதையும் எளிதில் நம்பாத நானும் நம்பினேன்.

மாதக் கடைசியில் விசாரணை. திமிர் என்று ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். உண்மையைச் சொன்னால், படிக்கத் தெரியுமா என்றுகூடப் பார்க்காமல் அமிலத்தைக் கையில் கொடுத்த நிர்வாகம்தான் பதில் சொல்லவேண்டும். பணியாளர் அதிகாரியாக அதை நானே கேட்பேன். அவரோ வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். வேலையைவிட உன் முகம்தான் அவருக்குப் பெரிதாக இருக்கிறது.

சொல்லமாட்டேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

போன கடிதத்தில், வேலைக்காக வெளியூரில் இருக்கும் நீ பக்கம் பக்கமாகச் செய்தி அனுப்பியும் அவர் ஒரு வரி பதில் போடுவதில்லை, இனி சேர்ந்து வாழ்ந்து என்ன பயன் என்று எழுதியிருந்தாய். அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிவை. விசாரணைக்கு முன் அவரைப் போனில் கூப்பிடு. கோபமோ அழுகையோ, எதுவானாலும் வாயால் சொல். தயவுசெய்து எழுதி மட்டும் அனுப்பாதே.

நல்லா இரு.

உன் அக்கா